இருமாத நாளுக்கு ஒரு நட்சத்திரம்

என் மகள் நன்றாகச் சாப்பிடுவாள். அதுதான் நோயின் முதல் அறிகுறி என்றால் யார் நம்புவார்கள்? மூன்று வயதில் நான்கு இட்லி, அதற்கு மேல் ஒரு வாழைப்பழம், அரை மணி நேரத்தில் மறுபடியும் "அம்மா, பசிக்குது." பெங்களூரில் எங்கள் ஜீவனஹள்ளித் தெருவில் மற்ற அம்மாக்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாயைக் காட்டி, ரயிலைக் காட்டிச் சோறு ஊட்டுவார்கள். நான் வாசலில் நின்று பெருமையாக வேடிக்கை பார்ப்பேன்.

ஆனால் கயலுக்குக் கையும் காலும் குச்சிதான். தின்றதெல்லாம் எண்ணெய் மிதக்கும் மலமாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றினாலும் போகாது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இந்த நோயுள்ள குழந்தையை வளர்க்கிற யாராவது படித்தால் "அட, எங்கள் வீட்டிலும் இதே கதைதான்" என்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கண் பட்டிருக்கிறது என்றார்கள், சுற்றிப் போட்டோம். வயிற்றில் பூச்சி என்றார்கள், மருந்து கொடுத்தோம். அப்புறம் இருமல் வந்தது. வந்தது போகவில்லை. நான்கு வயது முடிவதற்குள் மூன்று முறை நிமோனியா (நுரையீரலில் கிருமி தொற்றிச் சளி கட்டுவது).

மூன்றாவது முறை மருத்துவமனையில் சேர்த்தபோது நுரையீரல் மருத்துவர் ஒருவர் வந்தார். அவசரமே இல்லாத பெண்மணி. ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

"பாப்பாவுக்கு முத்தம் குடுக்கறப்ப உப்புக் கரிக்குதாம்மா?"

கரிக்கும். வெயில் காலத்தில் அவள் நெற்றியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். "என் மாங்கா ஊறுகாயே" என்று கொஞ்சுவேன். கொஞ்சுகிற விஷயத்தைப் போய் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?

வியர்வைப் பரிசோதனை செய்தார்கள் (முன்கையில் லேசாக மின்சாரம் செலுத்தி வியர்க்க வைத்து, அந்த வியர்வையில் உப்பு எவ்வளவு என்று அளப்பது). பிறகு மரபணுப் பரிசோதனை. நோய்க்குப் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (உடம்பில் நீராக ஓட வேண்டிய சளியும் செரிமானச் சுரப்பும் பசைபோலக் கெட்டியாகிவிடும் பிறவிக் குறைபாடு). கெட்டிச் சளி நுரையீரலில் தங்கும். தங்கிய இடத்தில் கிருமி குடியேறும். கிருமி ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் நுரையீரலில் கொஞ்சம் பாழாகும். பாழானது திரும்பாது.

"சொந்தத்துல கல்யாணமா?" என்று டாக்டர் கேட்டார்.

என் கணவர் செந்தில் என் அத்தை மகன். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று வாணியம்பாடியிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து பேசி முடித்த கல்யாணம்.

"அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இந்த மரபணுக் கோளாறு மறைஞ்சிருந்தாதான் குழந்தைக்கு வரும். சொந்தத்துல அது ஒத்துப்போக வாய்ப்பு கொஞ்சம் அதிகம். சொந்தமே இல்லாதவங்களுக்கும் வருதும்மா. யாரையும் திட்டாதீங்க" என்றார் டாக்டர்.

நான் திட்டினேன். ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை மாமாவைத் திட்டினேன், அத்தையைத் திட்டினேன், பொருத்தம் பார்த்த ஜோசியரைத் திட்டினேன். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் இறங்கியதும், "சரி, உன்னக் கட்டினது தப்புதான். இப்ப மாத்திரைய எந்த டப்பால வெக்கலாம், அத சொல்லு" என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு எங்கள் நாள் துண்டு துண்டாகிவிட்டது. காலையில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, பிறகு உப்புநீர் ஆவி (சளியை இளக்க நெபுலைசர் இயந்திரத்தில் உள்ளிழுப்பது), பிறகு முதுகு தட்டல். குழந்தையை மடியில் சாய்த்துப் போட்டு, உள்ளங்கையைக் குழித்து, மார்பு, விலா, முதுகு என்று இருபது நிமிடம் தட்ட வேண்டும். சளி பெயரும். இருமி வெளியே தள்ள வேண்டும். மாலையில் மறுபடியும். ஒரு பிஸ்கட் தின்றாலும் அதனுடன் செரிமான மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எழுந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவதைப் பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருக்கும். அந்த மாதிரி ஒரே ஒரு காலை போதும் என்று இருக்கும்.

பழகிக்கொண்டோம். கயலுக்கு எட்டு வயது ஆயிற்று. மூன்றாம் வகுப்பு.

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன்.

நான் வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தமிழும் கன்னடமும் தெரியும் என்பதால் இரண்டு மொழியிலும் புகார் கேட்பேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. எங்களுடையது இரண்டே அறை உள்ள வீடு. ஒரு முறை, பேசிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர், "மேடம், பின்னாடி ஏதோ குழந்தை ரொம்ப இருமுது. நீங்க முதல்ல அதப் பாருங்க, நான் அப்புறம் கூப்பிடறேன்" என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்த அழைப்பைக் கேட்ட என் டீம் லீடர் நல்ல மனிதராக இல்லை. பின்னணிச் சத்தம் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு மெயில் போட்டார். அது யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

"அம்மா ஃபோன்ல இருக்கறப்ப மட்டும் கொஞ்சம் அடக்கிக்கோ கண்ணு" என்றேன் கயலிடம்.

அதோடு விட்டேனா? சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு விளையாட்டு ஆரம்பித்தேன். தட்டும் நேரம் போக, இருமாத நாளுக்குச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ஒரு நட்சத்திரம். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் கப்பன் பார்க்கில் பொம்மை ரயில். இந்தக் குழந்தைகளுக்கு இருமல்தான் காவல், அது வெளியே தள்ளாவிட்டால் சளி உள்ளேயே கிடந்து அழுகும் என்று எனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! ஒவ்வொரு முறையும் நன்றாகத் தலையை ஆட்டினேன். ஆனால் எந்த வீட்டிலும் இருமல் என்றால் நோய், இருமல் இல்லை என்றால் சுகம். நான்கு வருடப் பாடம் அந்த ஒரு பழைய கணக்கின் முன்னால் நிற்கவில்லை.

முதல் வாரம் இரண்டு நட்சத்திரம். அடுத்த வாரம் ஐந்து. அப்புறம் வரிசையாக விழ ஆரம்பித்தன. வீடு அமைதியாகிவிட்டது. ஆகா, மருந்து பிடித்துவிட்டது, சாமி கண் திறந்துவிட்டது என்று நான் மிதந்துகொண்டிருந்தேன். காலையில் தட்டும்போது சளி வருவதும் குறைந்தது. அதையும் நல்லது என்றே எடுத்துக்கொண்டேன். பொம்மை ரயிலில் இரண்டு முறை போய்வந்தோம். அந்த ஒரு மாதம்தான் என் கல்யாண வாழ்க்கையிலேயே நான் மிகவும் சந்தோஷமாக இருந்த மாதம். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டுவது வழக்கம். எடை பார்த்தார்கள், ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. ஊதும் சோதனை செய்தார்கள் (ஒரே மூச்சில் எவ்வளவு காற்றை வேகமாகத் தள்ள முடிகிறது என்று அளப்பது). முன்பு வந்ததைவிட வெகுவாக இறங்கியிருந்தது.

"இருமல் எப்படிம்மா இருக்கு?"

"இருமலே இல்ல டாக்டர். ஒரு மாசமா சுத்தமா இல்ல" என்றேன். பிள்ளை முதல் ரேங்க் வாங்கியதைச் சொல்கிற குரலில் சொன்னேன்.

டாக்டர் எதுவும் எழுதவில்லை. கயலின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு, "கயல், டாக்டருக்காக ஒரு தடவ நல்லா இருமு, பாக்கலாம்" என்றார்.

கயல் டாக்டரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இருமலாமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்பார்களே, நான் போட்டது என் குழந்தையின் தலையில். எப்படியோ வாயைத் திறந்து "இருமு கண்ணு" என்றேன். அவள் இருமினாள். நிற்கவே இல்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் டிஷ்யூவில் பச்சையாக விழுந்தது. அதன் ஓரத்தில் ரத்தம் கோடு போட்டிருந்தது.

சளியைப் பரிசோதித்ததில் சூடோமோனாஸ் (ஈரமான இடங்களில் வாழ்கிற, இந்தக் குழந்தைகளின் நுரையீரலை விரும்பிப் பிடித்துக்கொள்கிற ஒரு பாக்டீரியா) இருந்தது. பதினான்கு நாள் மருத்துவமனை. மேல்கை நரம்பு வழியாக இதயத்தின் அருகே வரை ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, இரண்டு விதமான மருந்துகளை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை பிசியோதெரபி.

அந்த பிசியோதெரபிஸ்ட்டின் பெயர் ஷோபா. கன்னடக்காரர். மூன்றாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தமிழ் அவருக்குக் கொஞ்சம்தான் வரும். எனக்காக அந்தக் கொஞ்சத்தில் பேசினார்.

"அக்கா, பேஜார் மாடிக்காதீங்க, வருத்தப்படாதீங்க. பாப்பா எல்லாம் ஹேளிட்டா, சொல்லிட்டா. வீட்ல மிக்ஸி ஓடறப்ப இருமுவாளாம். குக்கர் விசில் வர்றப்ப இருமுவாளாம். பாத்ரூம்ல நல்லி, அதான் தண்ணிக் குழாய், திறந்து விட்டுட்டு இருமுவாளாம். அதுவரைக்கும் முழுங்கிடுவாளாம்."

தினமும் எட்டு மணி நேரம் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆளின் இரண்டு வார்த்தையிலேயே அவர் கோபமா, அழுகையா, பொய்யா என்று சொல்லிவிடுகிறவள் நான். அலுவலகத்தில் அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறேன். பத்தடியில் என் பிள்ளை சளியை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதைவிட மோசம் அடுத்தது. ஷோபா தட்டும்போது நான் அறைக்குள் இருந்தால் கயலுக்கு இருமல் வரவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு என்னையே பார்ப்பாள். "அக்கா, நீங்க ஸ்வல்ப வெளிய இருங்க" என்றார் ஷோபா. கதவு மூடியது. இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது. உள்ளிருந்து ஷோபாவின் குரல் கேட்டது. "கெம்மு புட்டி! ஜோராகி கெம்மு!" கன்னடத்தில் கெம்மு என்றால் இருமு, புட்டி என்றால் குட்டிப் பெண். என் மகள் இருமினாள். தமிழில் அடக்கச் சொல்லிக் கேட்டவள் கன்னடத்தில் சொன்னதும் அடிவயிற்றிலிருந்து இருமினாள்.

பதினான்கு நாளும், நாளுக்கு மூன்று முறை, நான் அந்த நடைபாதையில் நின்றேன். இத்தனை வருடமாக எது நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேனோ, அதைக் கேட்கக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் இருமேன் கண்ணு, எனக்கும் ஒன்று கொடேன் என்று மனது கெஞ்சும். யாரோ ஒரு பெண்ணின் மடியில் அவள் இருமுகிறாளே என்று பொறாமையாகக் கூட இருந்தது.

நடைபாதையின் அந்தக் கோடியில் இன்னோர் அம்மா நிற்பார். அவர் மகனுக்கும் இதே நோய். இந்த நோயுள்ள இரண்டு குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒருவரின் கிருமி மற்றவருக்கு ஆபத்து. அதனால் அம்மாக்களும் கிட்டே போவதில்லை. தூரத்திலிருந்து தலையசைத்துக்கொள்வோம். ஒரு நாள் அவர் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டி, டீ வேண்டுமா என்று சைகையில் கேட்டார். வேண்டும் என்று ஓடிப் போய் அவர் தோளில் சாய்ந்து அழ வேண்டும்போல இருந்தது. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். நம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாம் யாரும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசவே முடியாது. இப்படி எழுதித்தான் பேச வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "ஊதும் சோதனை நல்லா ஏறியிருக்கு. முழுசா பழையபடி வரல, அது கொஞ்சம் போனதுதான். இனிமே வீட்ல நீங்கதான் தட்டணும். உங்ககிட்ட அவ இருமலன்னா இந்தப் பதினாலு நாளும் வீண். ரெண்டு மாசத்துல திரும்ப இங்கதான் வரணும்."

வீடு வந்ததும் காலண்டரைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். கயலின் முன்னால் மண்டியிட்டு, "அம்மா தப்பு பண்ணிட்டேன்டா. இனிமே நீ எப்ப வேணா இருமலாம்" என்றேன். பக்கம் பக்கமாக ஒத்திகை பார்த்துச் சொன்ன மன்னிப்பு. அவள் விருந்தாளியிடம் பேசுவதுபோல, "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு வண்ணப் பென்சிலைச் சீவப் போய்விட்டாள்.

தட்டுவேன். அவள் "க்கும்" என்று தொண்டையைச் செருமுவாள். "அவ்ளோதான்மா" என்பாள். நானும் இருமிக் காட்டினேன். பாட்டுப் போட்டேன். தட்டும் வேலையை மாமாவிடம் கொடுத்துப் பார்த்தேன். அவரிடமும் அதே க்கும்தான். மூன்று வாரம் போயிற்று. எனக்குள் அந்த இரண்டு மாதக் கெடு ஓடிக்கொண்டே இருந்தது.

மாமா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எல்லாவற்றுக்கும் லிஃப்ட்டில்தான் பதில் சொல்வார். "லிஃப்ட்ல ஒரு தடவ மாட்டினவங்க ரெண்டு மாசம் படியிலதான் ஏறுவாங்க. நீ கதவத் திறந்து வெச்சிகிட்டு வா வான்னு கத்தினா வருவாங்களா? சும்மா இரு கொஞ்ச நாள்."

சும்மா இருக்க எனக்கு வருமா? அடுத்த சனிக்கிழமை காலை, இருபது நிமிடம் தட்டியும் அந்த ஒரு க்கும் மட்டும் வந்தபோது, என் பொறுமை போய்விட்டது. "ஏன்டி இப்படி என் உயிர வாங்குற? இருமித் தொலையேன்டி!" என்று கத்தினேன். ஆமாம், நோயாளிக் குழந்தையிடம்தான். மன்னிப்புக் கேட்டு நான்கு வாரம் கூட ஆகவில்லை.

கயல் மடியிலிருந்து துள்ளி எழுந்தாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

"இருமினாலும் உனக்குப் பிடிக்காது! இருமலன்னாலும் உனக்குப் பிடிக்காது! நான் என்னதான் பண்றது? சொல்லு! எனக்கு வலிக்குது, தெரியுமா உனக்கு? நெஞ்சு வலிக்குது! உன் மூஞ்சி..."

அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. கத்திய கத்தலில் உள்ளே எதுவோ பெயர்ந்து இருமல் பிடித்துக்கொண்டது. என் மேலேயே குனிந்து, என் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருமினாள். கட்டி கட்டியாக வந்தது. கிண்ணத்தை எடுக்க நேரமில்லை. எல்லாம் என் மடியில்தான். "போதும் போதும்" என்று சொல்ல வாயெடுத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு முதுகில் கையை வைத்தேன்.

அடங்கியதும், "முடிஞ்சுதா?" என்றேன்.

"இல்ல. இன்னும் இருக்கு" என்றாள், கோபம் குறையாமல். மறுபடி இருமினாள்.

அவள் என்னிடம் சொன்ன உண்மை அது. கோபமாகச் சொன்னால் என்ன? அழுக்கு மடியோடு உட்கார்ந்துகொண்டு நான் அழுதேன். என் மூஞ்சியைப் பற்றி அவள் முடிக்காமல் விட்ட வாக்கியம் என்ன என்று இன்னும் நான் கேட்கவில்லை. அது எனக்கே தெரியும். ஒவ்வொரு இருமலுக்கும் என் முகம் எப்படி மாறியிருக்கும் என்பதை அவள்தானே இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறாள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. சில நாள் இருமுவாள், சில நாள் க்கும். ஆவியில் உள்ளிழுக்கும் கிருமி மருந்து ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். அடுத்த பரிசோதனையில் எடை முக்கால் கிலோ கூடியிருந்தது. ஊதும் சோதனை அப்படியே நின்றது. குறையவில்லை என்பதே எங்களுக்கு விசேஷம். வெளிநாடுகளில் இந்தக் குறைபாட்டின் வேருக்கே போகிற மாத்திரைகள் வந்திருக்கின்றன. அவை கயலின் மரபணுவுக்குப் பொருந்துமா, பொருந்தினாலும் எங்கள் கைக்கு எட்டுமா என்று தெரியாது. டாக்டரிடம் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். அவரும் ஒவ்வொரு முறையும் பொறுமையாக, "பாத்துகிட்டே இருக்கேம்மா" என்கிறார். அந்த மாத்திரையை விழுங்கிவிட்டுத் தெருவுக்கு ஓடுகிற கயலை நான் பகலிலேயே கனவு காண்கிறேன். ஏங்குவதை விட்டுவிடு என்று யாரும் சொல்லாதீர்கள். விட முடியாது.

என் உடம்பு மாறிவிட்டது. வலது உள்ளங்கை காய்த்திருக்கிறது. அவள் முதுகில் அதை வைத்தால் எந்தப் பக்கம் கரகரக்கிறது, எந்தப் பக்கம் காற்று தாராளமாகப் போகிறது என்று கை சொல்லிவிடும். என் மூச்சு எங்கே போகிறது என்று கேட்டால் தெரியாது, அவளுடையது தெரியும். வருடம், மாதம் என்று யோசிப்பதும் நின்றுபோயிற்று. அவள் பத்தாவது படிக்கும்போது, கல்யாணத்தின்போது என்று உறவுக்காரர்கள் பேசினால் நான் அடுக்களைக்குப் போய்விடுகிறேன். எனக்கு இன்று காலை இருக்கிறது, இன்று மாலை இருக்கிறது. இரண்டிலும் அவள் இருமியாக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே தெருவில் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்த கயல் திடீரென்று நின்று, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா! எனக்கு இருமல் வருது! பெருசா வருது! சீக்கிரம் வா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. ஈரத் துணியை அப்படியே சுவரில் போட்டுவிட்டு, "வர்றேன் கண்ணு, நீ இருமு! நான் வர்ற வரைக்கும் அடக்காத!" என்று மாடியிலிருந்தே கத்திக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.